டீலர் ஒர்க்‌ஷாப்பை நம்பி பைக்கை விடலாமா? தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு விமர்சனம்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். வாரண்டி பாக்கி இருக்கிறதா, டீலரிடம் போங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) லைட்டோ இன்ஜின் லைட்டோ எரிகிறதா, அங்கேயே போங்கள். ரீகால், அதாவது குறைபாட்டைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டிகளைத் திருப்பி அழைக்கிறது என்று செய்தி வந்திருக்கிறதா, அதுவும் அங்கேதான். மற்றபடி பெரிய சர்வீஸ், வால்வு, எலக்ட்ரிக்கல் கோளாறு, "ஏதோ ஒரு சத்தம் வருது" வகையறா வேலைகளுக்கு, டர்பனில் நான் பைக் விடும் டீலர் ஒர்க்‌ஷாப்புக்கு ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். அந்த அரையும் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்காக. பார்ட் நம்பரை மனப்பாடமாகச் சொல்கிறார்.

கடைப் பெயரையும் பிராண்டையும் எழுதப் போவதில்லை. இந்த ஊரில் ஒரு பிராண்டுக்கு டீலர் ஒன்றோ இரண்டோதான், பைக் மாடலைச் சொன்னாலே கடை தெரிந்துவிடும். ஐந்நூறு சிசிக்கு மேல், இரட்டை சிலிண்டர், எட்டு வால்வு, ஜப்பான் பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போவதில் பாதிக்கு மேல் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதுமல்ல. ஜோபர்க்கில் (ஜோகன்னஸ்பர்க்கில்) இருக்கும் நண்பர்கள், வேறு வேறு பிராண்டு ஓட்டுபவர்கள், கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வரும் தம்பிகள் பைக் வாங்கியதும் முதலில் கேட்பது, "அண்ணா, தெருமுனை மெக்கானிக் எங்க இருக்காரு?" என்பதுதான். இல்லை தம்பி. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ செயின் அறுந்தால் தள்ளிக்கொண்டே போய் அடுத்த முக்கில் ஒரு ஆளைப் பிடித்துவிடலாம். இங்கே பைக் என்பது பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பாலிட்டோ கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கராஜில் போர்த்தி வைக்கும் சாமான், மீதிப் பேருக்கு மளிகை டெலிவரி பிழைப்பு. செக்கர்ஸ் சிக்ஸ்டி60 பெட்டி கட்டிக்கொண்டு ரோபோக்களில் நிற்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள் (ரோபோ என்றால் இங்கே சிக்னல், முதல் வாரத்திலேயே பழகிவிடும்). அவர்களின் சின்ன பைக்குகளுக்கு ஒரு தனி மெக்கானிக் உலகம் இருக்கிறது. நம் பெரிய பைக்கை அங்கே கொண்டுபோனால் அன்பாகப் பார்ப்பார்கள், தொட மாட்டார்கள். ஆகவே புதிதாக வந்தவனுக்குக் கண்ணில் படுவது டீலர் மட்டுமே.

டீலர் கடைக்குள் நுழைந்தால் நன்றாகத்தான் இருக்கும், அதை மறுக்க மாட்டேன். ஏசி, காபி மெஷின், நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சர்வீஸ் அட்வைசர். பைக்கைச் சுற்றி வந்து கீறல்களைக் குறித்துக்கொள்கிறார், ஜாப் கார்டு எழுதுகிறார், கையெழுத்து வாங்குகிறார். ஆனால் அவர் மெக்கானிக் கிடையாது. ஸ்பேனர் பிடிப்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். நடுவே "இன்சூரன்ஸ் விதிப்படி வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாது" என்று ஒரு பலகை. நீங்கள் "மூன்றாம் கியரில் போகும்போது நாலாயிரம் ஆர்பிஎம் பக்கம் ஒரு அதிர்வு, ஆனால் இன்ஜின் சூடானபிறகுதான்" என்று விளக்கமாகச் சொல்வீர்கள். ஜாப் கார்டில் அது "அதிர்வு, பார்க்கவும்" என்று ஆகியிருக்கும். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார், இன்ஜின் இன்னும் சூடாகியிருக்காது, "கோளாறு காணப்படவில்லை" என்று எழுதிவிடுவார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு வந்து சேர்ந்த சேதி அவ்வளவுதான். எனவே என் முதல் யோசனை: நீங்களே ஒரு தாளில் தெளிவாக எழுதி, அதை ஜாப் கார்டோடு பின் அடிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் "மெக்கானிக்கோடு இரண்டு நிமிடம் பேசலாமா" என்று கேளுங்கள். சில கடைகளில் கூப்பிட்டு விடுகிறார்கள். கூப்பிடவே மாட்டோம் என்று அடம்பிடிக்கும் கடையென்றால் எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை போய்விடும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். வாரண்டி காலத்தில் ஒருமுறை எம்7 சாலையில் வந்துகொண்டிருக்கும்போது ஏபிஎஸ் லைட் எரிந்து அணையாமல் நின்றது. டீலரிடம் விட்டேன். அந்தப் பிராண்டுக்கு உரிய கருவியைச் செருகி கோளாறு எண்ணைப் படித்தார்கள். பின் சக்கர வேக சென்சார் போய்விட்டது என்று தெரிந்தது, பாகம் வரவழைத்து மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு ரேண்டு கேட்கவில்லை, ஒரு வாக்குவாதமும் இல்லை. இந்த மாதிரி வேலையை வெளியே கொடுத்தால், கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி இல்லாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்து நம் காசில் ஆராய்ச்சி நடக்கும். இன்னொரு தடவை சாதாரண சர்வீஸுக்கு விட்டபோது, சேசிஸ் நம்பரை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, நான் கேட்காமலேயே நிலுவையில் இருந்த ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டையும் செய்து கொடுத்தார்கள். இங்கே ரீகால்கள் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் மூலமாகவும் அறிவிக்கப்படும். ஆனால் அறிவிப்பைப் பத்திரிகையில் தேடிக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்? டீலரிடம் நம்பர் போட்டால் தெரிந்துவிடும், இலவசமாகச் சரிசெய்தும் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் அவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து.

பிறகுதான் 24,000 கிலோமீட்டர் சர்வீஸ் வந்தது.

இந்த சர்வீஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டீலரை நம்புவதா என்ற கேள்வி முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. என் பைக்கின் மேனுவலில் 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளி பார்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. இன்ஜினுக்குள் காற்றை விட்டு, புகையை வெளியேற்றி மூடும் வால்வுக்கும், அதை அழுத்தும் கேம் என்ற சுழலும் பாகத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளி இருக்கும். ஓட ஓட வால்வு தன் இருக்கையில் தேய்ந்து இறங்கும், அந்த இடைவெளி குறையும். இடைவெளி கூடினால் டப் டப் என்று சத்தம் வரும், நமக்கே தெரியும். குறைந்தால் சத்தமே வராது. சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து, ஒருநாள் கம்ப்ரஷன் போய் நிற்கும்போதுதான் தெரியும். ஆகவே இது ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற சமாச்சாரம் இல்லை, அளந்துதான் ஆக வேண்டும். அளப்பதற்கு டேங்கைத் தூக்க வேண்டும், ஏர்பாக்ஸைக் கழற்ற வேண்டும், இன்ஜின் தலை மூடியைத் திறக்க வேண்டும், எட்டு வால்வுக்கும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து எட்டு எண்களை எழுத வேண்டும். அளவு தவறியிருந்தால் கேம்ஷாஃப்ட்டைக் கழற்றி ஷிம் என்ற சின்னத் தகட்டை மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மேனுவல் கொடுக்கும் அளவு ஆறிய இன்ஜினுக்கானது, சூட்டில் அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

வேலை அதிகம், லேபரும் அதிகம். பில்லில் பெரிய வரி இதுதான். மதிப்பீட்டிலும் எழுதியிருந்தார்கள், நானும் சரி என்று கையெழுத்துப் போட்டேன். காலை நெரிசலில் நின்று நின்று, ஃபேன் ஓட ஓடத்தான் பைக்கை அங்கே கொண்டுபோய் விட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போன் வந்தது, "சார், பைக் ரெடி." சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு நொடி. அப்புறம் யோசித்தேன். காலையில் கொதித்துக்கொண்டு போன இன்ஜின் எப்போது ஆறியது, எப்போது திறந்தார்கள், எப்போது மூடினார்கள்?

போய்க் கேட்டேன். கோபமாக இல்லை. "வால்வு அளவு எவ்வளவு வந்தது, குறித்திருப்பீர்களே, அந்தத் தாளைக் கொடுங்கள்" என்றேன். அட்வைசர் உள்ளே போய் வந்து, "எல்லாம் அளவுக்குள் இருக்கிறது சார்" என்றார். அளவுக்குள் என்றால் எவ்வளவு? மறுபடியும் உள்ளே போனார். வந்து, "மெக்கானிக் எழுதி வைக்கவில்லை, ஆனால் பார்த்தாராம்." நான் டேங்க் போல்ட்டைக் காட்டினேன். பைக்கை விடுவதற்கு முந்தின இரவு, போல்ட் தலையிலிருந்து பிரேம் வரைக்கும் வீட்டம்மாவின் நகப் பாலிஷால் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தேன். போல்ட்டைத் திருப்பினால் கோடு உடையும். கோடு அப்படியே இருந்தது, கொஞ்சம்கூட விரிசல் இல்லை. டேங்கைத் தூக்காமல் என் பைக்கில் வால்வைப் பார்க்க முடியாது. அதற்கப்புறம் பேச்சு சுருங்கியது. ஒர்க்‌ஷாப் மேனேஜர் வந்தார், "ஏதோ தகவல் தவறு" என்றார், அந்த வரியைப் பில்லிலிருந்து எடுத்தார், வேண்டுமானால் ஒரு இரவு பைக்கை விட்டுப் போங்கள், செய்து தருகிறோம் என்றார். மரியாதையாகத்தான் பேசினார். நான் விட்டுப் போகவில்லை.

இதை வெறும் திருட்டு என்று எழுதி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் காரணம் கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது. பல டீலர் ஒர்க்‌ஷாப்களில் வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று புத்தகத்தில் நிர்ணயம் இருக்கும். மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தால் நம்மிடம் மூன்று மணி நேரத்துக்குக் காசு வாங்குவார்கள், மெக்கானிக் இரண்டில் முடித்தால் அவருக்கு லாபம், நாலாகிவிட்டால் நஷ்டம். மாதக் கடைசியில் ஊக்கத்தொகை இந்தக் கணக்கில்தான் வரும். வாரண்டி வேலைக்குக் கம்பெனி கொடுக்கும் நேரம் இன்னும் இறுக்கம், அங்கே விட்ட நேரத்தை எங்கேயாவது பிடித்தாக வேண்டும். எங்கே பிடிப்பார்? வாடிக்கையாளர் பார்க்க முடியாத வேலையில். ஆயிலை மாற்றவில்லை என்றால் இன்ஜினில் இருக்கும் ஆயில் கண்ணாடியில் கறுப்பாகத் தெரிந்துவிடும், பிரேக் பேடு மாற்றவில்லை என்றால் தெரிந்துவிடும். வால்வு, ஸ்டீயரிங் பேரிங், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்முக்குக் கிரீஸ், பிரேக் காலிப்பர் பின்னுக்குக் கிரீஸ், இதெல்லாம் யாருக்குத் தெரியப்போகிறது? ஆகவே நல்ல மனிதர்கூட இந்த அமைப்புக்குள் இருந்தால் குறுக்கு வழி போகக்கூடும். அதனால்தான் ஷோரூம் பளபளப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதற்கு ஆதாரம் கேட்டு வாங்குங்கள்.

ஆதாரம் கேட்க இந்த நாட்டில் சட்டமே பக்கபலமாக இருக்கிறது, நம்மவர்கள் பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-இன் 68-ஆம் எண் சட்டம், 2011-இலிருந்து முழுதாக நடைமுறையில் இருக்கிறது. அதில் 15-ஆவது பிரிவு: மதிப்பீடு கொடுத்து நம் ஒப்புதல் வாங்கிய பிறகே ரிப்பேர் வேலைக்குக் காசு கேட்கலாம். மதிப்பீடு வேண்டாம் என்று நாமே எழுதிக் கொடுத்திருந்தாலோ, "இத்தனை ரேண்டு வரை செய்துகொள்ளுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாலோதான் விலக்கு. மதிப்பீட்டைத் தாண்டிப் போனால் மறுபடி நம்மைக் கேட்க வேண்டும். கோளாறு கண்டுபிடிக்கத் தனிக் கட்டணம் என்றால் அதையும் முன்னாலேயே சொல்லி நாம் சம்மதித்திருக்க வேண்டும். 67-ஆவது பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது: கழற்றிய பழைய பாகங்களை மற்றவர்களின் பாகங்களோடு கலக்காமல் தனியாக வைத்து, ஓரளவு சுத்தமான பெட்டியிலோ பையிலோ போட்டு நம்மிடம் திருப்பித் தர வேண்டும், நாம் வேண்டாமென்று சொன்னாலொழிய. ஜாப் கார்டில் கீழே பொடி எழுத்தில் "பழைய பாகங்கள் தேவையில்லை" என்று ஒரு கட்டம் இருக்கும், கையெழுத்துப் போடும் அவசரத்தில் அதில் டிக் விழுந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். 57-ஆவது பிரிவின்படி, ரிப்பேரில் போட்ட புதுப் பாகத்துக்கும் அதைப் பொருத்திய லேபருக்கும் குறைந்தது மூன்று மாதம் உத்தரவாதம் உண்டு. சுவரில் "வாகனங்கள் உரிமையாளரின் பொறுப்பில்" என்று பலகை தொங்கினாலும், நம் பைக் அவர்கள் கையில் இருக்கும்வரை கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை 65-ஆவது பிரிவில் இருக்கிறது. நாம் பிரிவு எண்ணைச் சொல்லிக்கொண்டு போய் நிற்க வேண்டியதில்லை. "பழைய பிளக்கையும் ஃபில்டரையும் கொடுத்துவிடுங்கள், வால்வு அளவை எழுதிக் கொடுங்கள்" என்று பைக்கை விடும்போதே சிரித்த முகமாகச் சொன்னால் போதும். கேட்பான் என்று தெரிந்த ஆளின் பைக்கை யாரும் சும்மா துடைத்துக் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது பேட்டரி சங்கதி. இது சின்னது, ஆனால் டீலர் மெக்கானிக்குக்கும் அனுபவ மெக்கானிக்குக்கும் உள்ள வித்தியாசம் இதில் பளிச்சென்று தெரியும். பைக் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. டீலரிடம் போனேன், புது பேட்டரி போட்டார்கள். சில வாரத்தில் மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை, "நீங்கள் வெளியே மாட்டிய யுஎஸ்பி சார்ஜர்தான் கரண்டைக் குடிக்கிறது" என்றார்கள். அதைக் கழற்றிவிட்டேன், மறுபடியும் அதே கதை.

அப்போதுதான் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அங்கிளிடம் போனேன். என் வீட்டு உரிமையாளரின் உறவு. வீட்டுக் கராஜில் இரண்டு லிஃப்ட், சுவர் முழுக்கக் கருவிகள், மூலையில் முருகன் படம். தாத்தாவுக்குத் தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறி வந்த குடும்பம். தமிழ் அவரிடம் சாமி பாட்டிலும் சாப்பாட்டிலும் "தம்பி"யிலும்தான் பாக்கி, மற்றதெல்லாம் டர்பன் இங்கிலீஷ். மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து, என்னை ஆக்சிலேட்டர் முறுக்கச் சொன்னார். ஐயாயிரம் ஆர்பிஎம்மில் 14 வோல்ட் பக்கம் வர வேண்டும், 12 சொச்சத்திலேயே நின்றது. அதாவது பேட்டரிக்கு ஏதோ கேடு இல்லை, அதற்குச் சார்ஜே போகவில்லை. சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து வரும் கனெக்டரைப் பிரித்தார், உள்ளே பச்சையாகப் பூத்துக் கிடந்தது. "கடல் காத்து தம்பி, டர்பன்ல எல்லாம் இதுதான்" என்றார். சுத்தம் செய்து, கனெக்டரின் உலோகப் பின்னை மாற்றி, கிரீஸ் வைத்து மூடினார். அதற்கப்புறம் அந்தப் பிரச்சினை திரும்பவே இல்லை. வாங்கிய காசைச் சொன்னால் டீலர் கடையின் 'கன்ஸ்யூமபிள்ஸ்' வரிக்குக்கூடப் பக்கத்தில் வராது. (அந்த வரி எதற்கு என்று யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். துணியும் கிளீனர் ஸ்ப்ரேயும் என்கிறார்கள். அந்தக் காசுக்கு என் பைக்கைப் பட்டுத்துணியில் துடைத்திருக்க வேண்டும்.)

சரி, அப்படியென்றால் எல்லாரும் அங்கிளிடமே போய்விடலாமா என்றால், அதுவும் இல்லை. அவரிடம் பில் என்பது நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாள். வேலை எப்போது முடியும் என்று கேட்டால் "வெள்ளிக்கிழமை" என்பார், எந்த வெள்ளி என்று சொல்ல மாட்டார். பாகம் வேண்டுமென்றால் கடைசியில் நாம்தான் டீலர் கவுண்டருக்கு ஓட வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் டீலர் முத்திரை இல்லையென்றால் விற்கும்போது அடிபடும், இங்கே விளம்பரங்களில் முழு சர்வீஸ் ஹிஸ்டரி என்பதை முதல் வரியிலேயே போடுவார்கள், அதைப் பார்த்துத்தான் வாங்குபவர் போனே பண்ணுவார். வாரண்டி நேரத்தில் வெளியே செய்தால் வாரண்டி போய்விடுமா என்று பலரும் கேட்கிறார்கள். போட்டி ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன, அதன் பிறகு கார்க்காரர்கள் தனி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்துகொண்டே வாரண்டியையும் வைத்துக்கொள்ள வழி பிறந்தது. பைக்குக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் டீலரிடம் "வெளியே செய்தால் வாரண்டி நிற்குமா" என்று மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இறங்காதீர்கள். எதற்கு வம்பு என்பவர்கள் வாரண்டி முடியும்வரை டீலரோடேயே இருந்துவிடுங்கள், நான் அப்படித்தான் இருந்தேன்.

பைக்கை யாரிடம் விட்டாலும் திரும்ப எடுக்கும்போது ஒரு பத்து நிமிடம் அங்கேயே நின்று பார்ப்பேன், வீட்டுக்கு வந்து பார்ப்பதில் பிரயோசனமில்லை. முதலில் செயின். ஏனோ டீலர் கடைகளில் செயினை விறைப்பாக இழுத்துவிடும் வழக்கம் இருக்கிறது, தளர்வாக இருந்தால் வாடிக்கையாளர் குறை சொல்வார் என்று நினைக்கிறார்களோ என்னவோ. தளர்வை விட விறைப்பு ஆபத்து. நாம் ஏறி உட்கார்ந்து பள்ளத்தில் விழும்போது இன்னும் இறுகி, முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பேரிங்கைத் தின்றுவிடும். என் பைக்குக்கு எவ்வளவு ஆட்டம் இருக்க வேண்டும் என்று ஸ்விங்ஆர்மிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, அதைக் கையால் ஆட்டிக் காட்டச் சொல்வேன். பிறகு பின் சக்கர ஆக்சில் நட், அதில் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரியான அளவுக்கு முறுக்கியதற்கான பெயிண்ட் குறி இருக்கிறதா. ஆயில் அளவைப் பைக்கை நேராக நிறுத்திப் பார்ப்பேன், சைடு ஸ்டாண்டில் சாய்த்தல்ல. பிரேக் லீவரைப் பிடித்தால் கல் மாதிரி நிற்கிறதா, அமுங்கிக்கொண்டே போகிறதா. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், ஏனென்றால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டர்பன் புழுக்கத்தில் அதைத் தள்ளிப்போடவே கூடாது. ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே பிரேக் பஞ்சு மாதிரி ஆனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பைக்கை விடும்போதே கிலோமீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் போனில் படம் எடுத்துக்கொள்வேன். 'டெஸ்ட் ரைடு' எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது சில சமயம் ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் ஒன்று, ஹை பிரஷர் வாட்டரில் கழுவிக் கொடுப்பார்கள், அதை வேண்டாமென்று எழுதிவிடுங்கள். சக்கர பேரிங்கிலும் செயின் ஓ-ரிங்கிலும் கனெக்டரிலும் தண்ணீர் போனால் அடுத்த சர்வீஸுக்கு நாமே வேலை வைத்த மாதிரி.

சண்டை முற்றிவிட்டால் என்ன செய்வது? முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், மேனேஜரிடம், தேதியோடு. மசியவில்லையென்றால் மோட்டார் துறைக்கென்றே தனி ஆம்பட்ஸ்மன், அதாவது புகாரை விசாரிக்கும் அமைப்பு இருக்கிறது, மியோசா என்பார்கள், வாடிக்கையாளருக்குக் கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் அங்கே போக ஜாப் கார்டு, மதிப்பீடு, பில், மின்னஞ்சல், படங்கள் எல்லாம் வேண்டும். வாயால் சொன்னது எதுவும் நிற்காது. கடை ஆர்எம்ஐ (வாகன விற்பனை, ரிப்பேர் கடைகளின் அமைப்பு) உறுப்பினரா என்பதையும் பாருங்கள், பைக் டீலர்களுக்கு அதற்குள்ளேயே ஒரு தனிச் சங்கம் இருக்கிறது, வாசலில் பலகை மாட்டியிருப்பார்கள். பலகை இருந்தால் வேலை சுத்தமாக இருக்கும் என்று அர்த்தமில்லை, புகார் கொடுக்க இன்னொரு கதவு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

விலையைச் சொல்லாமல் விமர்சனத்தை முடித்தால் திட்டுவீர்கள். என் டீலரின் மணி நேர லேபர் அங்கிளுடையதை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதற்கு மேல் 15 சதவீதம் வாட். ஆயிலை நாமே வாங்கிக் கொடுத்தால் போடுவார்களா என்று கேட்டேன், முகம் சுளித்தார்கள், வாரண்டி முடிந்த பிறகு ஒத்துக்கொண்டார்கள். அந்த வால்வு வேலையைக் கடைசியில் அங்கிள்தான் செய்தார். முந்தின நாள் சாயங்காலமே பைக்கை விட்டுப் போகச் சொல்லி, காலையில் என்னைப் பக்கத்தில் நிறுத்தி அளந்து, எட்டு எண்களையும் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். இரண்டு எக்ஸாஸ்ட் வால்வு இறுக்கமாகத்தான் இருந்தன. ஷிம்மை டீலர் கவுண்டரிலேயே போய் வாங்கி வந்தேன், அந்த அம்மா எதற்கென்று கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

அங்கிள் முகவரியைக் கேட்டு எழுதாதீர்கள், இருக்கிற பைக்குகளையே அவரால் சமாளிக்க முடியவில்லை. உங்கள் பக்கத்திலும் இப்படி ஒருவர் இருப்பார், கோயிலில் விசாரித்தாலே பாதி டர்பன் தெரிந்துவிடும். பிடித்தபிறகு ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: தைப்பூசக் காவடிக்கும், ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ மாரியம்மன் திருவிழாவுக்கும் இந்த மாதிரி ஆட்கள் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள், லாங் வீக்கெண்டில் டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் ஓட்டத் திட்டமிருந்தால் அதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே பைக்கை விட்டுவிடுங்கள்.